விழுவதற்கு ஒரு தரை

ஐப்பசி முதல் வாரம் மைக்ரோமீட்டர் விழுந்தது.
சிமெண்டுத் தரை. இரண்டரை அடி உயரம்.
எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை,
ஆனால் பூஜ்யத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.
தாமிரக் கம்பியின் கனத்தை
அன்றிலிருந்து ஒரு மயிரிழை கூட்டியே சொல்கிறது,
வட்டிக்காரன் கணக்கைப் போல.

புதுவயலில் நான் வாடகைக்கு எடுத்திருப்பது
ஒரு பழைய கார் கொட்டகை.
கார் போய் நாற்பது வருஷம்.
எண்ணெய்க் கறை மட்டும்
அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.
அதன் மேல் என் மேசை, என் வைஸ்,
குடல் உருவிப் போட்ட பம்புசெட் மோட்டார்கள்.

தரைக்கு ஏதாவது போடணும் என்றேன்.
ஈப்போவிலிருந்து வீட்டுக்காரர் போனில் சொன்னார்:
"ஆத்தங்குடிக் கல் பதிச்சிருங்க வீரணன்,
பாதி நான் தர்றேன்."
மாதிரிக்கு நாலு கல் வாங்கிப் பரப்பினேன்.
சிவப்பில் மஞ்சள் பூ, பச்சை இலை, கறுப்புக் கொடி.
மூன்று எம்.எம். ஸ்க்ரூ ஒன்றைப் போட்டேன்.
பூவுக்குள் போனது போனதுதான்.
மூக்குத்தி தொலைத்தவள் மாதிரி
டார்ச்சும் கையுமாய் அரைமணி நேரம் முழங்காலில்.
அடுத்து ஸ்பேனர்.
பூ இரண்டாய்ப் போயிற்று.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.
பையில் ஒரு மழுங்கின உளியோடு
காரைக்குடிக் கடைகளில் ஏறி இறங்கினேன்.
விலை கேட்பதற்கு முன்னால்
"ஒரு தடவ போட்டுப் பாத்துக்கவா?" என்பேன்.
செருப்பைக் கழற்றிக் கால் வைத்துப் பார்ப்பவர்களை
அவர்களுக்குத் தெரியும்.
இடுப்பு உயரத்திலிருந்து உளியை விடுகிறவனை
என்ன செய்வதென்று தெரியவில்லை.

எபாக்ஸி பூசுகிறவன் செல்போனில் படம் காட்டினான்.
கண்ணாடித் தரை, அதில் தலைகீழாய் ஒரு கார்.
அழகுதான்.
வார்னிஷ் நாலு சொட்டு சிந்தினால்
விழப்போவது உளி இல்லை, நான்.
வினைல் விரிப்பில் சால்டரிங் முனை பட்டதும்
கடைக்காரரே மூக்கைப் பொத்திக்கொண்டார்.
மாட்டுத் தொழுவத்து ரப்பர் பாய் தேறும் போலிருந்தது.
உளியை மெத்தென்று வாங்கிக்கொண்டது.
ஆனால் மூத்திரம் வடிய வெட்டின கால்வாய்களில்
வாஷர்கள் போய் வரிசையாய்ப் படுத்துக்கொண்டன.

"எதுக்குண்ணே விழுறதையே யோசிக்கிறீங்க?
கெட்டியாப் புடிச்சாப் போதாதா?"
என்றான் பாய்க்கடைப் பையன்.
நான் உளியைப் பைக்குள் போட்டேன்,
இடது கையால்.

வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும்
ஆடியிலிருந்து சொன்ன பேச்சு கேட்பதில்லை.
பஞ்சவர்ணத்துக்கு நான் சொல்லவில்லை.
எங்கள் அடுப்படிக்கும் கொட்டகைக்கும் ஒரு சுவர்தான்.
சிமெண்டில் ஸ்பேனர் விழுந்தால்
"என்னங்க?" என்பாள்.
"ஒண்ணுமில்ல" என்பேன்.
புரட்டாசியில் ஒரே நாளில் பதினோரு ஒண்ணுமில்ல.

கடைசியில் நான் மோட்டார் கட்டிக்கொடுக்கும்
அரிசி ஆலையிலேயே கிடைத்தது.
மூட்டை சுமந்து சுமந்து ஓரம் பிய்ந்த கன்வேயர் பெல்ட்.
காயலான் கடைக்குப் போக இருந்ததை
கிலோ விலைக்கே தந்தார் மேனேஜர் சாத்தப்பன்.
மூன்று துண்டாய் அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.
ஆணி இல்லை, பசை இல்லை,
தன் கனத்திலேயே கிடக்கிறது.
பள்ளமில்லாத கறுப்பு.
நாலு தடவை கழுவியும் தவிட்டு வாசம் போகவில்லை.

சோதித்துப் பார்க்க உளியைத் தேடவேண்டியிருக்கவில்லை.
முதல் ராத்திரியே, புது மைக்ரோமீட்டர், தானாக.
தொப்.
எடுத்துத் துடைத்துத் திருகினேன்.
பூஜ்யம்.

சுவருக்கு அப்பால்
பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கவில்லை.
"ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்து
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பத்து மணிக்கு அவளே வந்தாள்.
"சத்தமே காணோமே, என்னமோ ஏதோன்னு
பயந்துட்டேன்."
வெறுங்காலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தாள்.
மேசைக்கடியில் குனிந்து
நான் கவனிக்காத ஒரு நட்டை எடுத்து
என் வலது கையில் வைத்தாள்.
சுண்டுவிரலை மடக்கினாள்,
பிறகு பக்கத்து விரலை.
மூடின கையை
விடவில்லை.